கைப்பிடி இல்லாத கதவு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடக்கும் பழைய கார் கண்காட்சிகளில் விந்தையான ஒரு காட்சியைக் காணலாம். பளபளவென்று மின்னும் கார் ஒன்று நிற்கும். அதன் கதவில் கைப்பிடி இருக்காது. சாவித் துளையும் இருக்காது. உரிமையாளர் தம் சட்டைப் பையிலிருந்து சிறிய தொலைஇயக்கியை எடுத்து அதன் பொத்தானை அழுத்துவார். ‘டக்’ என்ற ஒலியுடன் கதவு தானே சற்று விலகித் திறக்கும்.

இந்தப் பழக்கம் புதியதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தெற்குக் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய கார்களை வாங்கித் தம் விருப்பப்படி மாற்றியமைத்தனர். கூரையைத் தாழ்த்தினர்; அலங்காரப் பட்டைகளைக் கழற்றினர்; கைப்பிடிகளையும் நீக்கினர். முகத்தை மழிப்பதுபோல் காரின் உடலை வழவழப்பாக்கியதால், இதனை ‘மழித்தல்’ என்றே அவர்கள் ஆங்கிலத்தில் குறிப்பிட்டனர். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பட்டறை நடத்திய சேம் பேரிஸ், ஜார்ஜ் பேரிஸ் சகோதரர்கள் இக்கலையில் பெயர் பெற்றவர்கள். 1949 முதல் 1951 வரை வெளிவந்த மெர்குரி கார்கள் இத்தகைய மாற்றங்களுக்குப் பெரிதும் விரும்பப்பட்டன.

கைப்பிடியை நீக்குவது எளிது. துளையின்மீது இரும்புத் தகட்டைப் பற்றவைத்து, தேய்த்துச் சமன்செய்து, சாயம் பூசினால் போதும். ஆனால், அந்தக் கைப்பிடி செய்துவந்த வேலையை இனி எது செய்யும்?

கார்க் கதவின் ஓரத்தில் ஒரு தாழ் உள்ளது. கதவை மூடும்போது, காரின் உடலில் பொருத்தப்பட்டுள்ள உறுதியான ஆணியை அது கவ்விக்கொள்கிறது. நாம் கைப்பிடியை இழுக்கும்போது கதவுக்குள் இருக்கும் மெல்லிய கம்பி நகர்ந்து, தாழின் நெம்புகோலைத் தள்ளுகிறது. உடனே பிடி தளர்கிறது. அந்த நெம்புகோலை வேறு ஏதேனும் ஒன்று சிறிது தூரம் இழுத்தாலும் கதவு திறந்துவிடும். அந்த வேலையைச் செய்வதுதான் சோலினாய்டு எனப்படும் வரிச்சுருள்.

மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி அசைவதை டென்மார்க்கைச் சேர்ந்த அறிவியலாளர் ஆர்ஸ்டெட் 1820ஆம் ஆண்டில் கண்டறிந்தார். கம்பியைச் சுருளாகச் சுற்றினால் அந்தக் காந்த விளைவு பன்மடங்கு வலுப்பெறும். வரிச்சுருளின் நடுவே அசையக்கூடிய இரும்புத் தண்டு ஒன்று இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் சுருள் அந்தத் தண்டை உள்ளே இழுக்கும். தண்டையும் தாழின் நெம்புகோலையும் மெல்லிய எஃகு வடம் இணைக்கிறது.

இங்குத்தான் பொருத்துபவரின் திறமை தெரியும். தண்டு வெளியே வெகுதூரம் நீண்டிருந்தால் சுருளின் இழுவிசை குறைவு. உள்ளே நெருங்க நெருங்க அது கூடும். எனவே வடம் தொய்வாக இருந்தால் தண்டின் நகர்வு அந்தத் தொய்வை நீக்குவதிலேயே வீணாகிவிடும். தாழ் முழுமையாக விடுபடாது. வடம் வளைந்து சென்றாலும் உராய்வு கூடும். கண்ணாடியை இறக்கும்போது அது வரிச்சுருளில் இடிக்காத இடமாகவும் பார்க்க வேண்டும். கதவுக்குள் அத்தகைய இடத்தைத் தேடுவதற்கே சில வேளைகளில் பாதி நாள் போய்விடும்.

வரிச்சுருள் இயங்கும் கணத்தில் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. தொலைஇயக்கியின் கட்டளையைப் பெறும் கருவியிலுள்ள மெல்லிய கம்பிகள் அதனைத் தாங்கா. அதனால் இடையில் ‘ரிலே’ என்னும் மின்விசை மாற்றி பொருத்தப்படுகிறது. சிறிய மின்னோட்டம் ரிலேயை இயக்க, ரிலே 12 வோல்ட் மின்கலத்திலிருந்து வரும் பெரிய மின்னோட்டத்தை வரிச்சுருளுக்கு அனுப்புகிறது. கம்பி பழுதானால் தீப்பிடிக்காமல் காக்க, மின்கலத்தின் அருகிலேயே ஓர் உருகியும் இருக்க வேண்டும். தாழ் விடுபட்டாலும் இழுத்துத் திறக்கப் பிடி இல்லையே! அதற்காகக் கதவின் விளிம்பில் சுருள்வில் கொண்ட சிறிய தள்ளி ஒன்று வைக்கப்படுகிறது.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் மின்கலம் தீர்ந்துபோனால் கதவு திறக்காது. பெரும்பாலான கார்களில் மின்கலம் முன்மூடியின் கீழ் இருக்கும். அந்த மூடியைத் திறக்கும் பிடியோ பூட்டிய காருக்குள் இருக்கும். எனவே அனுபவமுள்ளவர்கள், காரின் அடியில் மறைவாக இழுவடம் ஒன்றையோ வெளியிலிருந்து வேறு மின்கலத்தை இணைக்க இரு முனைகளையோ அமைத்துவிடுகின்றனர். ஓடும்போது தவறுதலாகப் பொத்தான் அழுந்தினாலும் கதவு திறவாதபடி, இயந்திரம் இயங்கும்போது ரிலேக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்தும் விடுவர்.

விபத்து நேர்ந்தால் நிலைமை இன்னும் கடினம். உதவ ஓடிவரும் வழிப்போக்கருக்கு மறைவான வடம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவர் கைப்பிடியைத்தான் தேடுவார். உள்ளே இருப்பவர் வெளியேற எஞ்சும் வழி உட்புறக் கைப்பிடி ஒன்றுதான். அது மின்சாரம் இல்லாமலே இயங்கும். அழகுக்காக அதையும் நீக்குவோர் உண்டு. அது துணிச்சலன்று, அறியாமை.

வேலை முடிந்ததும் தேர்ந்த பட்டறைக்காரர் கதவை உடனே மூடிப் பார்ப்பதில்லை. கதவைத் திறந்து வைத்தபடியே, தாழுக்குள் திருப்புளியை நுழைத்து அதை மூடிய நிலைக்குக் கொண்டுவருவார். பிறகு பொத்தானை அழுத்துவார். பலமுறை தாழ் தடையின்றி விடுபட்ட பின்னரே, கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, கதவை முதன்முறையாக மூடுவார்.