கூண்டோடு வரும் ஜாகுவார்

பேராக்கின் புந்தோங், சிலிபின் வட்டாரத்தில் கார்ப் பட்டறை வைத்திருப்பவர்களிடம் பழைய மோரிஸ் மைனரைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சு லேசில் முடியாது. பெரிய இஞ்சினைப் பூட்டிவிடலாம், கியர்பாக்ஸும் மாற்றிவிடலாம். பின்பக்கம் அந்த வேகத்தைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. உலகமெங்கும் வண்டி கட்டுகிறவர்கள் இதற்கு ஐம்பது, அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒரு பதில், ஜாகுவாரின் பின்பக்க சஸ்பென்ஷன்.

முதலில் நமக்குப் பழக்கமான எஸ்டேட் லோரியைக் குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் குறுக்கே ஒரே அச்சு, நடுவில் டிஃப்ரன்ஷியல். தோளில் கம்பு வைத்து இருபுறமும் பால் வாளி சுமந்தவர்களுக்குத் தெரியும், ஒரு வாளி ஏறினால் மறு வாளி இறங்கும். செம்மண் சடக்கில் இடச்சக்கரம் கல்லில் ஏறும்போது வலச்சக்கரம் சாய்வதும் அப்படித்தான். டிஃப்ரன்ஷியலின் எடையும் சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பதால் டயர் தரையை விட்டுவிட்டுப் பிடிக்கிறது.

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வந்த ஜாகுவார் இ-டைப்பில் இதற்கு வேறு வழி கண்டிருந்தார்கள். வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றவர் பொறியாளர் பாப் நைட். டிஃப்ரன்ஷியல் சக்கரத்தோடு ஆடாமல் ஓர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. அதிலிருந்து இருபுறமும் போகும் ஹாஃப் ஷாஃப்டுகளுக்கு இரட்டை வேலை: இஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒன்று, சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் மேற்கையாக இருப்பது மற்றொன்று. கீழே குழாய் வடிவில் இன்னொரு கை. ஒரு பக்கத்துக்கு இரண்டு சுருள் ஸ்பிரிங், அவற்றுக்குள் அப்சார்பர். டிஸ்க் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிஃப்ரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கிறது. 1968-இல் வந்த எக்ஸ்ஜே6-க்கும் 1975-இல் வந்த எக்ஸ்ஜே-எஸ்ஸுக்கும் அடிப்படை இதேதான்.

பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், புரொப்பெல்லர் ஷாஃப்ட், முன்னோக்கிப் போகும் இரண்டு ரேடியஸ் கைகள், நான்கு ரப்பர் தாங்கிகள். இவற்றைக் கழற்றினால் மொத்தமும் கூண்டோடு கீழே இறங்கிவிடும். அமெரிக்காவில் ஹாட் ராட் கட்டுபவர்களும் பிரிட்டனில் கோப்ரா நகல் செய்பவர்களும் இதைத் தேடிப் போனது அதனால்தான். சக்கரத்தின் 5 போல்ட்டுகள் 4¾ அங்குல வட்டத்தில் அமைந்தவை. பல செவ்ரோலே கார்களுக்கும் அதே அளவு என்பது அமெரிக்கர்களுக்கு இன்னும் வசதி.

ஆனால் பலர் செய்வது என்ன? கூண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, உள்ளிருப்பதற்கு குரோம் பூசி, சேஸியில் நேராக முடுக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த அமைப்பின் உயிர் ரப்பரில் இருக்கிறது. டிஃப்ரன்ஷியலை வண்டியின் உடலோடு பிணைத்தால் பல்சக்கர இரைச்சல் அப்படியே உள்ளே வரும். ரப்பர்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. இயற்கை ரப்பர் லட்சக்கணக்கான முறை நெளிந்தாலும் எளிதில் வெடிக்காது, அதிகம் தொய்ந்துபோகாது. பாதாள ரயிலின் அதிர்வு ஏறாமலிருக்க லண்டனில் ஆல்பனி கோர்ட் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தையே 1966-இல் ரப்பர் தாங்கிகள்மேல் எழுப்பினார்கள். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்ட பேராக்கில் இருந்துகொண்டு நாம் ரப்பரைக் கழற்றி வீசலாமா?

கூண்டும் ரப்பரும் இருந்தால் சிறு கோணப் பிசகுகளையும் அவை பொறுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ரேடியஸ் கையின் முன்முனை, கீழ்க்கையின் உள்முனை சுழலும் அச்சின் நேர்கோட்டிலேயே அமைய வேண்டும். தவறினால் ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு கைகளும் ஒன்றையொன்று முறுக்கும். கூண்டின் அடித்தகட்டுக்கு ஈடாக ஒரு பிணைப்பும் வேண்டும்.

அகலம் அடுத்த சிக்கல். எக்ஸ்ஜே6-இன் பின்சக்கரங்களுக்கு இடையே 58 அங்குலத்துக்கு மேல் வரும். மைனருக்கு 50 அங்குலச் சொச்சம்தான். குறைப்பதானால் ஹாஃப் ஷாஃப்டையும் கீழ்க்கையையும் ஒரே அளவு குறைக்க வேண்டும். ஷாஃப்ட் முறிந்தால் இழுவை மட்டும் போகாது, சக்கரத்தின் மேல்பிடியும் போய்விடும். லேத்தும் வெல்டிங்கும் கைவந்தவரிடம் மட்டுமே இந்த வேலையைக் கொடுங்கள்.

பழையதை வாங்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். தாங்கியின் ரப்பர் இரும்புத் தகட்டை விட்டு உரிந்திருக்கிறதா? டிஸ்கின் உள்பக்கம் எண்ணெய் பிசுபிசுக்கிறதா? உள்ளே இருக்கும் பிரேக்கின் சூடு டிஃப்ரன்ஷியலின் எண்ணெய் சீலைக் கருக்கிவிடும். கசியும் எண்ணெய் டிஸ்க்மேல் படிந்தால் பிரேக் பிடிக்காது. காற்றுப் போக வழி விட்டுத்தான் பூட்ட வேண்டும். டிஃப்ரன்ஷியலில் தொங்கும் சிறு தகட்டில் 43/13 என்றிருந்தால் விகிதம் 3.31, 46/13 என்றால் 3.54. இஞ்சினுக்கு எது பொருந்தும் என்று அதை வைத்தே கணக்குப் போடலாம்.

வண்டியை அறுப்பதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் மாற்றத்துக்கான அனுமதியைக் கேட்டுவிடுங்கள். வாகனச் சோதனைக்கும் போக வேண்டியிருக்கும்.