வீட்டுச் செய்தியும் ஆங்கில எழுத்தும்



தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு ஆங்கிலம் எட்டாக்கனி ஆகிவிடுமோ என்று அஞ்சும் பெற்றோர் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பலர் உளர். பேச்சு ஒருவாறு வந்துவிடுகிறது. எழுதச் சொன்னால்தான் பிள்ளை திகைத்து நிற்கிறது. இதற்குக் காரணம் யாது, செய்யத்தக்கது யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

நம் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கு அருகில், பீடோங் என்றோர் ஊர் உண்டு. கே. எஸ். மணியம் 1942ஆம் ஆண்டில் அங்குப் பிறந்தார். அவர் மருத்துவமனையில் சலவைத் தொழில் செய்தவரின் மகன். சிறிது காலம் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பிறகு சுங்கை பட்டாணியில் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி பெற்றுத் திரும்பிக் கெடாவிலேயே பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றினார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானார். 1981இல் அவர் எழுதிய 'தி ரிட்டர்ன்' என்னும் ஆங்கில நாவல் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் ராஜா ராவ் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. 2020இல் அவர் மறைந்தார்.

அந்நாவலில் நாம் காண்பது இலண்டன் மாநகரத்தை அன்று. ரவி என்னும் சிறுவனையும், அவனுடைய பாட்டியையும், தங்களுக்கென ஒரு வீடும் நிலமும் வேண்டி ஏங்கும் ஓர் எளிய குடும்பத்தையுமே காண்கிறோம். தாம் கண்டு வளர்ந்த வாழ்வையே அவர் ஆங்கிலத்தில் எழுதினார்.

இந்தியாவில் ஆர். கே. நாராயணும் அவ்வாறே செய்தவர். மால்குடி என்னும் கற்பனை ஊரின் பள்ளிச் சிறுவர்களைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் அவர் எழுதிய முதல் நாவலைப் பதிப்பகங்கள் பல திருப்பி அனுப்பின. மனம் நொந்த அவர், கையெழுத்துப்படியைத் தேம்ஸ் ஆற்றில் மூழ்கடித்துவிடுமாறு இங்கிலாந்திலிருந்த நண்பருக்கு எழுதினார். நண்பரோ அதைக் கிரகாம் கிரீன் என்னும் எழுத்தாளரிடம் காட்டினார். அவர் முயற்சியால் 1935இல் நூல் வெளிவந்தது. நல்ல வேளை, நண்பர் சொற்படி நடக்கவில்லை!

நம் பிள்ளைகளின் கட்டுரைகளை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'ஒன் ஃபைன் டே' என்று தொடங்கும், குடும்பம் கடற்கரைக்குப் போகும், யாராவது தண்ணீரில் தத்தளிப்பார், கதாநாயகன் காப்பாற்றுவான். வழிகாட்டி நூலிலிருந்து மனப்பாடம் செய்த கட்டுரை இது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகும் இப்பழக்கம் நீங்கியபாடில்லை. மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் தலைப்பு சற்று மாறினாலும் எழுதுகோல் ஓடாது. லயத்துக் கோயில் திருவிழாவையோ, மழை நாளில் வேலையின்றி வீட்டிலிருக்கும் தந்தையையோ எழுதப் பழகிய பிள்ளைக்குச் சொல்வதற்குச் செய்தி எப்போதும் இருக்கும்.

செய்தி இருந்தால் போதுமா? வாக்கிய அமைப்பும் வேண்டும். இவ்விடத்தில் தமிழ் இலக்கணம் கற்ற பிள்ளைக்கு ஒரு நன்மை உண்டு. மலாய் மொழியில் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. தமிழிலோ போனான், போகிறான், போவான் என மாறும். ஆகவே ஆங்கிலத்தில் 'கோ' என்பது இறந்தகாலத்தில் 'வென்ட்' ஆவதில் நம் பிள்ளைக்கு வியப்பு இருக்க வேண்டியதில்லை. 'ஹீ கோஸ்' என்பதில் வரும் 'ஸ்' ஒலியைப் பலர் மறந்துவிடுகின்றனர். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று ஒவ்வொருவருக்கும் விகுதியை மாற்றுகின்ற நமக்கு, அந்த ஒரு 'ஸ்' பெரும் சுமையா என்ன?

வேறுபாடுகளும் உள. "அப்பா விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் தோட்டத்திற்குப் போனார்" என்னும் வாக்கியத்தில் 'போனார்' கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது 'ஃபாதர்' என்னும் எழுவாயை அடுத்து உடனே வந்துவிடும். எங்கே, எப்படி, எப்போது என்பன அதன் பின்னரே வரும். மேலும், "வந்தான்" என்றாலே வந்தவன் ஆண் என்பது நமக்கு விளங்கும். ஆங்கிலத்தில் 'ஹீ' என்று எழுவாயை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

மிகவும் இடர் தருவன 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்களே. ஒரு நாயை முதன்முதலாகக் குறிப்பிடும்போது 'ஏ டாக்'. அதே நாயை மறுமுறை குறிப்பிடும்போது 'தி டாக்'. "ஒரு நாய்", "அந்த நாய்" என்று மனத்திற்குள் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். எல்லா இடத்திற்கும் இது பொருந்தாது. எஞ்சியவை படிக்கப் படிக்கவே வரும்.

இதற்கு வேண்டிய கருவிகள் விலை மிக்கவை அல்ல. ஓர் அகராதி, ஒரு சிறு குறிப்பேடு, ஒரு பென்சில் இவை போதும். புதிய சொல்லைத் தனியே எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதி வைக்க வேண்டும். கைப்பேசி எழுத்துப்பிழையைத் திருத்தும் என்பது உண்மைதான். ஆயினும் 'தேர்' என்று ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களுள் எது அவ்விடத்திற்கு உரியது என்பதைப் பிள்ளையே அறிந்திருக்க வேண்டும்.

நாளுக்கு ஐந்து வாக்கியம் எழுதுங்கள். மறுநாள் அவற்றை உரக்கப் படித்துத் திருத்துங்கள். பால்மரம் சீவுவோர் இதனை நன்கு அறிவர்: பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும், கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். வேண்டாத சொல்லை நீக்கும்போதும் கருத்தில் வெட்டு விழக்கூடாது.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிடினும் உதவ முடியும். மாலையில் பிள்ளையை அருகில் அமர்த்தி, எழுதியதைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, "இதில் என்னப்பா எழுதியிருக்கிறாய்? தமிழில் சொல்" என்று கேளுங்கள். பிள்ளை தயங்காமல் சொன்னால் அது அவனுடைய எழுத்து. சொல்லத் தெரியாமல் விழித்தால், வழிகாட்டி நூலை மூடி வைத்துவிட்டு, அன்று பள்ளியில் நடந்த ஏதேனும் ஒன்றை முதலில் தமிழில் சொல்ல வைத்து, பின் எழுதச் செய்யுங்கள்.