நாற்காலி நகர்ந்தால் பேச்சு வளரும்!

மாணவர்களே! அடுக்குமாடி வீடுகளில் வரவேற்பறை தனி, உணவறை தனி என்று பிரிக்கப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. ஒரே நீண்ட கூடத்தில் ஒரு பக்கம் சோபா, மறு பக்கம் சாப்பாட்டு மேசை. இக்கூடத்தில் நாற்காலிகளை எங்கே போடுவது? "எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளு, நடுவே இடம் கிடைக்கும்" என்பதே பலரும் சொல்லும் விடை. அது சரியான விடைதானா?

இதை அறிய, 1950-களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இருந்த ஒரு மனநல மருத்துவமனைக்குச் செல்வோம். அங்கே மூதாட்டிகள் தங்கியிருந்த பகுதியைப் புதுப்பித்து, புதிய நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். ஆனால் மூதாட்டிகளோ வாய் திறவாமல் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தனர். காரணம் என்ன? மருத்துவமனைத் தலைவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட், இதை ஆராயும் பொறுப்பை ராபர்ட் சோமர் என்ற உளவியலாளரிடம் ஒப்படைத்தார்.

நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். எதிரில் இருப்பவரோ வெகு தொலைவில்! சோமர் சிறு மேசைகளை இடச் செய்து, அவற்றைச் சுற்றி நாற்காலிகளைப் போடச் செய்தார். முதலில் மூதாட்டிகளுக்கு இது பிடிக்கவில்லை. பழகிய இடத்தை விட்டு நகர யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் சில வாரங்களுக்குப் பின் கணக்கெடுத்தபோது, உரையாடல்கள் கணிசமாகக் கூடியிருந்தன.

மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையிலும் சோமர் ஒன்றைக் கண்டார். மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவர்களைவிட, அருகருகே இருப்பவர்கள் மும்மடங்கு பேசினர். மேசை மூலையின் இருபுறமும் இருப்பவர்களோ, அருகருகே இருப்பவர்களைப் போல இருமடங்கு பேசினர். அப்படியானால் எதிரெதிர் அமர்ந்தவர்களைப்போல் எத்தனை மடங்கு? ஆம், ஆறு மடங்கு!

இனி நம் கூடத்துக்கு வருவோம். கனமான சோபாவை இழுத்துப் பார்க்க வேண்டாம். ஒரு வரைபடத்தாள் போதும். தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 25 செ.மீ. என்று கொள்ளுங்கள். 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள கூடம் 24 செ.மீ., 12 செ.மீ. பக்கங்கள் கொண்ட செவ்வகமாகும். கதவுகளையும் சன்னல்களையும் குறியுங்கள். சோபா, மேசை, நாற்காலிகளை அதே அளவில் அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் வாசலிலிருந்து சமையலறைக்குச் செல்லும் வழியை வரையுங்கள். அதற்கு 90 செ.மீ. அகலம் விடுங்கள். பேசுவோர் நடுவே அவ்வழி செல்லலாகாது. அடுத்து, சாப்பாட்டு மேசையைச் சமையலறைக்கு அருகில் வையுங்கள். நாற்காலியை இழுத்து அமர, மேசை விளிம்பிலிருந்து சுமார் 75 செ.மீ. வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல்! 75 செ.மீ. அகல மேசையைக் கூடத்தின் நடுவில் போட்டால், இருபுறமும் நாற்காலிக்கான இடத்தையும் சேர்த்து 225 செ.மீ. போய்விடும். எஞ்சுவது 75 செ.மீ.; வழிக்குப் போதாது. மேசையின் நீண்ட பக்கம் ஒன்றைச் சுவரோடு சேர்த்துவிடுங்கள். இப்போது 150 செ.மீ. மிஞ்சுகிறது. அதுமட்டுமா? நீண்ட பக்கத்தில் இருவர், இரு முனைகளிலும் ஒவ்வொருவர் என நால்வர் அமரலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு மூலைத் துணை கிடைத்துவிடுகிறது!

சோபாவுக்கு எதிரே தொலைக்காட்சி மட்டும் இருந்தால் போதாது. சோபாவின் முனையில் ஒரு நாற்காலியைச் செங்கோணமாகப் போடுங்கள். அங்கும் ஒரு மூலை உண்டாகும்.

ஆனால் அறிவியல் மாணவர் எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், மாலையில் குறிப்பிட்ட ஒரு மணி நேரம், யார் யாருடன் எத்தனை முறை பேசுகிறார்கள் என்று குறியுங்கள். மாற்றியபின் இரண்டு வாரம் பழக விட்டு, அதே நேரத்தில் மீண்டும் ஒரு வாரம் எண்ணுங்கள்.

உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரா? அவருடைய நாற்காலி எங்கே இருக்கிறது? அதை நகர்த்துமுன் அவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியே முதல் உரையாடலாக இருக்கட்டும்!