இதயத் தசை அழற்சியும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையும்: உடலில் ஷெல் துண்டு இருந்தால் மறைக்காதீர்கள்

டெங்குக் காய்ச்சல் விட்டு நாலைந்து நாட்களில் நெஞ்சுவலியுடன் வன்னி இளைஞர் ஒருவர் எங்கள் விடுதிக்கு வந்தார். ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தது. இதயத் தசை சேதமடையும்போது இரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதமும் உயர்ந்திருந்தது. மாரடைப்பு என்றே முதலில் நினைத்தோம். ஆனால் அஞ்சியோகிராமில் இரத்தக் குழாய்கள் எதிலும் அடைப்பு இல்லை.

இப்படியான வேளையில் நாங்கள் சந்தேகிப்பது இதயத் தசை அழற்சியை. பெரும்பாலும் வைரசுக்களால் வருவது, டெங்குவாலும் வரும். எக்கோ பரிசோதனை சிலரில் சாதாரணமாகவே இருக்கும். இதயத்திலிருந்து சிறு தசைத் துணுக்கை எடுத்து ஆராயலாம். ஆனால் அதில் ஆபத்து உண்டு. அழற்சி திட்டுத் திட்டாக இருப்பதால், எடுத்த துணுக்கில் நோய் அகப்படாமலும் போகலாம்.

எம்.ஆர்.ஐ. உதவுவது இங்கேதான். இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. வலுவான காந்தமும் வானொலி அலைகளும்தான். அழற்சியுற்ற தசையில் நீர் கோர்க்கும், அந்த இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். பின்னர் கடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, பத்து நிமிடமளவில் மீண்டும் படமெடுப்பார்கள். சேதமடைந்த பகுதியில் மருந்து தேங்கி நிற்கும். மாரடைப்பில் சேதம் தசையின் உட்புறத்திலிருந்து தொடங்கும். அழற்சியில் பெரும்பாலும் வெளிப்புறத்திலோ நடுவிலோ இருக்கும். இரண்டையும் பிரித்தறிய இந்த வேறுபாடு பெரிதும் கைகொடுக்கிறது. இதற்கான அளவுகோல்கள் 2009இல் வெளியாகி, 2018இல் திருத்தப்பட்டன. பரிசோதனை முடிய ஒரு மணித்தியாலம் வரை செல்லலாம். இடையிடையே மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும்.

பரிசோதனைக்கு முன், "உடம்பில இரும்பு ஏதும் இருக்கா?" என்று கேட்டோம். "இல்லை" என்றார். அருகில் நின்ற தாயார்தான், "தம்பி, துடையில பீஸ் இருக்கெல்லே, சொல்லன்" என்றார்.

அவர் மறைத்ததை என்னால் குறைசொல்ல முடியவில்லை. காயத் தழும்பைக் கண்டாலே விசாரணை தொடங்கிய காலம் ஒன்று இருந்தது. ஆனால் எம்.ஆர்.ஐ. அறையில் அந்தக் கேள்விக்கு வேறு நோக்கம் கிடையாது. ஷெல் சிதறல்கள் பெரும்பாலும் உருக்கினாலானவை. காந்தம் அவற்றை இழுக்கும். கண், முள்ளந்தண்டு, மூளை, பெரிய இரத்தக் குழாய்கள் ஆகியவற்றுக்கு அருகில் இருந்தால் விளைவு பாரதூரமாகலாம். துண்டு சூடாகவும் கூடும். நெஞ்சுக்குள் இருந்தால் படத்தில் அந்த இடம் கறுத்துச் சிதைந்து, இதயம் தெளிவாகத் தெரியாமல் போகலாம். துப்பாக்கிச் சன்னங்களில் பல ஈயத்தாலும் செம்பாலும் ஆனவை, ஆயினும் உருக்கு உள்ளவையும் உண்டு. எது என்று நோயாளியால் சொல்லமுடியாது. எலும்புக்கு வைத்த பிளேட், ஸ்குரூ பற்றியும் சொல்லுங்கள். பெரும்பாலும் தடையாக இருக்காது. செயற்கைக் காலை வெளியே கழற்றி வைக்கவேண்டும்.

துண்டு இருப்பதாலேயே பரிசோதனை கிடையாது என்று அர்த்தமில்லை. எக்ஸ்ரே எடுத்து இடத்தைப் பார்ப்பார்கள். பல வருடங்களாகத் தசைக்குள் இருக்கும் துண்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து பிடித்துக்கொள்வதால், அது அசையும் வாய்ப்புக் குறைவு. ஆபத்து அதிகமென்றால் வேறு பரிசோதனைகளை நாடுவோம்.

இவருடையது 2009இல் பட்ட காயம். துண்டு பெரிய குழாய்களுக்கு எட்டத்தில் இருந்தது. கதிரியக்க வைத்திய நிபுணர் பார்த்துச் சம்மதித்தார். சூடு தெரிந்தால் அழுத்தும்படி மணியைக் கையில் கொடுத்துத்தான் உள்ளே அனுப்பினோம். படத்தில் இதயத்தின் பக்கச் சுவரில், வெளிப்புறமாக அழற்சி தெளிவாகத் தெரிந்தது.

மாரடைப்புக்குத் தொடங்கியிருந்த மருந்துகளில் சிலவற்றை நிறுத்தினோம். சில மாதங்களுக்குப் பாரம் தூக்கவோ ஓடி விளையாடவோ கூடாது என்றோம். அழற்சி ஆறுமுன் கடும் உழைப்பில் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்.

வீடு செல்லும்போது, துண்டு இருப்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"எழுதுங்கோ டொக்டர்" என்றார்.