சிவப்பு விழாத சிக்னல்

ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் சிக்னல் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். டிப்ளமா முடித்த கையோடு 1981-ல் நாகபுரிக்கு வந்தேன், 2019-ல் ஓய்வு பெற்றேன். மழையானாலும் வெயிலானாலும் ஒரு கம்பி எங்கே அறுந்தது என்று தேடுவதே பிழைப்பு. அப்படிப்பட்டவன் என் உடம்புக்குள்ளேயே கம்பி அறுந்து கிடந்ததை அறியாமல் இருந்தேன் என்றால் அன்பர்கள் சிரிக்கக் கூடாது.

2023 மே மாதம். இந்த ஊர் மே மாதத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்கள் கூடும் கோவிலில் உச்சிகால பூஜை முடிந்து பிரகாரம் சுற்றினோம். சிமெண்ட் தரை தோசைக்கல்லாய்க் காய்ந்து கிடந்தது. எல்லோரும் 'ஆ, ஊ' என்று குதித்துக்கொண்டு நிழலுக்கு ஓடினார்கள். அடியேன் மட்டும் நிதானமாக மூன்று சுற்று முடித்தேன். "சாருக்கு பக்தி முத்திடுச்சு, தீ மிதிக்கவே அனுப்பலாம்" என்றார் ஒரு நண்பர். எனக்கும் உள்ளூர ஒரு பெருமை.

இரவு படுக்கப் போகும்போது என் மனைவிதான் பார்த்தாள். "என்னங்க இது, கால்ல?" வலது உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். ஒன்று உடைந்து படுக்கை விரிப்பெல்லாம் ஈரம். வலி? துளியும் இல்லை. எனக்குச் சர்க்கரை வந்து அப்போது பதினான்கு வருஷம்.

மறுநாள் டாக்டரம்மா, நம் மகள் வயதுதான் இருக்கும், தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். பத்து கிராம் அழுத்தம் பட்டால் வளைந்துவிடும் இழை அது. "கண்ணை மூடிக்கொள்ளுங்கள் காகா, தொட்டால் 'ஆம்' சொல்லுங்கள்" என்றார் இந்தியில். வலது காலில் பத்து இடம் தொட்டாராம். மூன்றுக்குத்தான் 'ஆம்' சொன்னேன். அடுத்து இசைக்கவையைத் தட்டி, கட்டைவிரல் எலும்பில் வைத்து, "அதிர்வு நின்றதும் சொல்லுங்கள்" என்றார். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அம்மா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகுதான் நரம்பைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். நம் வீடுகளில் 'நரம்பு' என்ற சொல்லே பாதி தப்பான பொருளில் புழங்குகிறது. கையில் புடைத்துத் தெரிகிறதே, அது நரம்பல்ல, ரத்தக்குழாய். 'நரம்பு ஊசி' நரம்பில் போடுவதல்ல, சிரையில் போடுவது. உண்மையான நரம்பு வெண்ணிறத்தில் நூல்கற்றையாக, நூற்றுக்கணக்கான கம்பிகள் ஓடும் நம் ரயில்வே கேபிளைப் போலவே உறை போட்டுக்கொண்டு, தசைகளுக்கு நடுவே புதைந்து ஓடுகிறது. மூளையிலிருந்து நேராக 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி. மூளை என்னும் கன்ட்ரோல் ஆபீசில் மட்டும் சுமார் 8,600 கோடி நியூரான்கள்.

கம்பியில் கரண்ட் ஓடுவது போல நரம்பில் ஓடுவதில்லை. நரம்பிழையின் சவ்வுக்கு உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 0.07 வோல்ட் குறைவாக இருக்கிறது. தூண்டுதல் வந்ததும் சவ்வில் உள்ள குட்டிக் கதவுகள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. ஒரு மில்லிசெகண்டில் நிலைமை தலைகீழாகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழையபடி ஆகிறது. இந்தக் கலவரம் பக்கத்துக் கதவுகளைத் திறக்க, அது அடுத்ததைத் திறக்க, இப்படியே போகிறது செய்தி. இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேயர்கள். கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் சோதனை செய்து 1952-ல் வெளியிட்டார்கள், 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது. துடிப்பு வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் வராது. பெரிய வலிக்குப் பெரிய துடிப்பு என்பது கிடையாது. செகண்டுக்கு எத்தனை துடிப்பு என்பதில்தான் சேதி இருக்கிறது. பழைய தந்திக் கட்டுக்கடகட நினைவுக்கு வருகிறதா?

வேகத்தில்தான் ஆச்சரியம். 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் தவளை நரம்பில் அளந்தபோது செகண்டுக்குச் சுமார் 30 மீட்டர்தான் வந்தது, அதாவது நம் எக்ஸ்பிரஸ் வண்டி வேகம். மின்னல் வேகம் என்று நினைத்திருந்தவர்கள் அசந்து போனார்கள். மனித உடம்பில் மைலின் என்ற கொழுப்பு உறை போட்ட தடித்த இழைகள் செகண்டுக்கு 120 மீட்டர் வரை ஓட்டுகின்றன. உறைக்கு நடுவே ஏறக்குறைய மில்லிமீட்டருக்கு ஒன்றாக இடைவெளிகள் இருக்கின்றன. செய்தி அங்கே புதுப்பிக்கப்பட்டுத் தாவித் தாவிப் போகிறது. நாங்கள் கோட்டில் ரிப்பீட்டர் போடுவோமே, அதேதான். உறையில்லாத மெல்லிய இழைகளோ செகண்டுக்கு ஒரு மீட்டர் அளவில் பாசஞ்சர் வண்டி. காலை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்கிறது, ஒரு செகண்ட் கழித்து 'விண் விண்' என்று தெறிக்கிறது அல்லவா? முன்னது மெல்லிய உறை போட்ட வண்டியில் வந்தது, பின்னது பாசஞ்சரில் வந்தது.

கால்விரலிலிருந்து வரும் இழை ஒரே ஒரு செல்லின் வால். அந்தச் செல்லின் தலை இடுப்புக்குப் பக்கத்தில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. வால் மட்டும் ஒரு மீட்டர் நீளம். வாலுக்கு வேண்டிய சரக்கெல்லாம் தலையில் தயாராகி, வேகமான வண்டியிலேயே நாளுக்கு 40 சென்டிமீட்டர் வரைதான் நகர்கிறது. விரல் நுனிக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். இப்படிப்பட்ட கடைக்கோடி ஸ்டேஷன்தான் முதலில் பட்டினி கிடக்கும். சர்க்கரை அதிகமாகவே ஓடும்போது நரம்பும் கெடுகிறது, நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடுகின்றன. அதனால்தான் விரலில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. (மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைந்தும் இப்படி ஆகலாம் என்று டாக்டரம்மா அதையும் சோதித்தார்.)

இனி என் தொழில் விஷயம். தண்டவாளத்தில் சின்னதாக ஒரு கரண்ட் ஓடவிட்டு, மறுமுனையில் ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருப்போம். வண்டி வந்ததும் சக்கரமும் அச்சும் கரண்டைக் குறுக்கே மடக்கிவிட, ரிலே விழுந்து சிவப்பு எரியும். இது 1872-ல் அமெரிக்காவில் ராபின்சன் என்பவர் கண்டுபிடித்தது. அதன் அழகு என்னவென்றால், கம்பி அறுந்தாலும், பேட்டரி செத்தாலும் சிவப்புதான். கோளாறு எதுவானாலும் வண்டி நிற்கும். முப்பத்தெட்டு வருஷம் இந்த ஒரே வேதத்தை ஓதினேன்.

ஆண்டவன் போட்ட வலிச் சர்க்யூட் இதற்கு நேர்மாறு. கம்பி அறுந்தால் செய்தி வராது. செய்தி வராவிட்டால் மூளை 'லைன் கிளியர்' என்று எடுத்துக்கொள்கிறது. கொதிக்கிற தரையில் எனக்குப் பச்சை எரிந்தது இப்படித்தான். போதாக்குறைக்குப் பழுதான இழைகள் ராத்திரியில் பொய்ச் செய்தி வேறு அனுப்பும். எரிச்சல், ஊசி குத்தல், எறும்பு ஊர்தல் என்று பல ரூபம். 25 கிலோவோல்ட் மின்பாதைக்குப் பக்கத்தில் பழைய டெலிபோன் கம்பி இரைவது போல. உண்மை ஆபத்து வந்தால் மௌனம், ஒன்றுமில்லாதபோது கூச்சல்!

இதைத் தெளிவாக நிரூபித்த மனிதர் நம் கொல்லிமலையில் பிறந்தவர் என்று படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் அங்கே ஒரு மிஷனரி வீட்டில் பிறந்து, 1946-ல் வேலூருக்கு வேலைக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். இல்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இழக்கிறார்கள் என்று காட்டினார். இரவில் எலி விரலைக் கடிப்பதுகூட நோயாளிகளுக்குத் தெரியவில்லை. அதற்காக அவர்களுக்குப் பூனை கொடுத்தாராம். பிறகு அமெரிக்கா போய், சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதே கதைதான் என்று கண்டார். செயற்கை வலி ஒன்று செய்யப் பார்த்தார்: கையுறையில் சென்சார், அழுத்தம் கூடினால் ஒலி. ஒலியை ஒருவரும் சட்டை செய்யவில்லை. அக்குளில் ஷாக் கொடுத்துப் பார்த்தார். வேலை நடுவே தொந்தரவு என்று நோயாளிகள் ஸ்விட்சை அணைத்தார்கள். கடைசியில் திட்டத்தையே கைவிட்டார். ஓர் இன்ஜினீயராக எனக்கு அவர்மேல் அனுதாபம் உண்டு. அணைக்க முடியாத ஸ்விட்சை நாங்களும் செய்ததில்லை.

கொப்புளம் ஆற ஏழு வாரம் ஆயிற்று. எலும்புவரை போயிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். செத்த உணர்ச்சி முழுசாகத் திரும்பும் என்று அவர் வாக்குத் தரவில்லை. சர்க்கரையைக் கட்டி வைத்தால் மேலே ஏறாமல் தடுக்கலாம் என்றார், அவ்வளவே. இப்போது சாக்ஸோடுதான் பிரகாரம் சுற்றுகிறேன். கமிட்டியில் சொன்னதும் தேங்காய்நார் விரிப்பு போட்டார்கள், அதில் தண்ணீர் தெளிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. விரிப்பில் நடக்கும்போது பார்த்தால், சொரணையே இல்லாமல் வெறுந்தரையில் நிதானமாகச் சுற்றுகிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் தனியாகப் பேசியிருக்கிறேன்.

ரயில் பாதையில் கீமேன் என்று ஒருவர் தினமும் தன் எல்லை முழுவதும் நடந்து, ஒவ்வொரு சாவியையும் தட்டிப் பார்த்துப் போவார். கம்பி எந்தச் செய்தியும் சொல்லாத இடத்தில் கண்தான் சிக்னல். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் மனைவிக்கு. தினமும் இரவு ஒன்பது மணிக்கு மூக்குக்கண்ணாடியும் டார்ச்சுமாக வந்து, விரலிடுக்கு வரை பார்க்கிறாள். போன செவ்வாய்க்கிழமை இடது குதிகாலில் ஒரு குண்டூசி முனை இருந்தது. காலை முதல் அதன்மேல்தான் நடந்திருக்கிறேன்.