அரை கிரவுண்டில் ஒரு முற்றம்

காஞ்சிபுரத்தின் பழைய நெசவாளர் வீடுகளில் பக்கவாட்டுச் சன்னலைப் பார்ப்பது அரிது. அகலம் கொஞ்சம், நீளம் அதிகம். தெருப் பக்கம் திண்ணை, அடுத்து ரேழி, தறி போட்ட கூடம், முற்றம், அடுப்படி, கடைசியில் கொல்லை. முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு ஒன்று இருக்கிறது. காஞ்சிக்கு அருகே தாமலிலோ காஞ்சி நகரத்திலோ அரை கிரவுண்டு மனை வாங்கி வீடு கட்டப்போகிறவர்கள் ஒருமுறை அதற்குள் போய் நின்று பார்க்க வேண்டும்.

அந்த வகை வீடு வெயிலைச் சமாளிக்கும் விதம் எளிமையானது. பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டியிருப்பதால் நீளமான இரண்டு சுவர்களிலும் வெயில் படாது. தெரு முகப்பும் கொல்லைப் பக்கமும் கூரையும்தான் காய வேண்டும். தறியில் இருப்பவருக்கு வெளிச்சம் வேண்டும், ஆனால் சாயமேற்றிய பட்டின் மேல் நேர்வெயில் விழக்கூடாது. இரண்டுக்கும் முற்றமே வழி செய்துவிடுகிறது.

இன்று நாம் கட்டுவது இதற்கு நேர்மாறு. பக்கத்துக்கு மூன்றடி விட்டு நடுவில் பெட்டிபோல் வீட்டை நிறுத்துகிறோம். அந்த மூன்றடிச் சந்தைப் பார்த்துச் சன்னல் வைக்கிறோம். எதிரே பக்கத்து வீட்டு பாத்ரூம் வென்டிலேட்டர் இருக்கும். அந்தச் சன்னலை யாரும் திறப்பதேயில்லை. விதிப்படி இடம் விட்டுத்தான் ஆக வேண்டும், சரி. ஆனால் காற்றை அந்தச் சந்திலிருந்து எதிர்பார்க்காதீர்கள். 20-க்கு 60 அடி மனையில் 8-க்கு 6 அடி முற்றம் விட்டால் போவது 48 சதுர அடி, நூற்றுக்கு நான்கு பங்கு. திருடன், குரங்கு என்ற பயத்துக்குக் கம்பியும், கொசுவுக்கு வலையும் போதும். பாலிகார்பனேட் ஷீட்டால் இறுக மூடுவதுதான் பெரிய தப்பு. வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. மழைக்காக மூடியே ஆக வேண்டுமென்றால் கூரை மட்டத்திலிருந்து இரண்டடி உயர்த்தி, நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்து விடுங்கள்.

சூரியன் போகும் பாதையையும் கவனிக்க வேண்டும். காஞ்சிபுரம் ஏறக்குறைய 12.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வடக்குச் சுவரும் காயும். வடக்கு, தெற்கு இரண்டுக்கும் இரண்டடி சன்ஷேடு பெருமளவு உதவும். மேற்குச் சுவருக்கு அது பயன்படாது; மாலை வெயில் அதன் அடியில் புகுந்து நேராகச் சுவரில் அடிக்கும். ஆகவே மாடிப்படி, பாத்ரூம், சாமான் அறை ஆகியவற்றை மேற்கே தள்ளுங்கள். படுக்கையறை அங்கே வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கூரைதான் முக்கியம். இரவு பதினொரு மணிக்கும் மின்விசிறி அனல் காற்றை இறைக்கிறதே, அது பகலெல்லாம் கான்கிரீட் தளம் வாங்கி வைத்த வெயில். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகளில் மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, தட்டோடு பதித்தார்கள். வெயில் அத்தனையையும் கடந்துதான் உள்ளே வர வேண்டும். இன்றைய ஐந்தங்குலத் தளத்தின் மேலும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, வெள்ளை டைல்ஸ் என்று போடலாம். பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் பலரும் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான். பால்ஸ் சீலிங்கை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள். கையில் காசே இல்லையென்றாலும் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க முடியும்.

சுவருக்குக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு நல்லது. நடுவில் காற்றறை இருப்பதால் சூடு மெதுவாக இறங்கும், செங்கலும் கால் பங்கு மிச்சம். பழகிய கொத்தனார் கிடைக்க வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

வீட்டுக்குள் வரும் வெப்பத்துக்கு வரம்பு வைக்கும் மத்திய அரசின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018-ல் வந்தது. அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. அரை கிரவுண்டு என்பது 111 சதுர மீட்டர்தான். தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால் உங்கள் வீட்டு வெயிலைப் பற்றிக் கேட்க உங்களைத் தவிர ஆளில்லை. மேற்குச் சுவரை ஒட்டி எந்த அறை வருகிறது, தளத்தின் மேல் என்ன போடப்போகிறார்கள், காற்று எந்த வழியாக வெளியேறும் என்று வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பொறியாளரிடம் கேளுங்கள். சென்டரிங் அடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.