முதலில் பாதை, பிறகு மாளிகை!
குரிட்டிபா நகரம் கற்றுத் தரும் பாடம்

நகரங்கள் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்கின்றன. பழைய ஆலைகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. விளம்பரங்களில் பூங்காவும் நீச்சல் குளமும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால், அங்கே குடியேறும் குடும்பத்தினர் காலையில் வேலைக்குச் செல்வது எப்படி? கல்லூரிக்குச் சென்ற மகள் இருட்டுமுன் வீடு திரும்புவது எப்படி? அந்த வீடுகளில் வேலை செய்ய வரும் ஏழைப் பெண்மணி எத்தனை பேருந்து மாறி வர வேண்டும்? இந்த வினாக்கள் பெரும்பாலும் கட்டடம் எழுந்த பின்னரே எழுப்பப்படுகின்றன. அதற்குள் சாலை நிரம்பி வழியத் தொடங்கிவிடுகிறது.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக் காட்டிய நகரம் ஒன்று உண்டு. அது பிரேசில் நாட்டின் தென்பகுதியில், பரானா மாநிலத்தின் தலைநகராக விளங்கும் குரிட்டிபா.

வளர்ச்சிக்கு வரைந்த கோடு

1960இல் குரிட்டிபாவின் மக்கள்தொகை சுமார் 3.6 லட்சம். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இந்தப் பெருக்கம் வரும் என்பதை முன்கூட்டியே உணர்ந்த நகர நிர்வாகம், 1965இல் நகரத் திட்டமிடலுக்கெனத் தனி நிறுவனம் ஒன்றை அமைத்தது. மறு ஆண்டே நகரின் பெருந்திட்டம் சட்டமாயிற்று.

அத்திட்டத்தின் சாரம் எளிமையானது. நகரம் எண்ணெய்க்கறை போல நாலாபுறமும் பரவக் கூடாது. குறிப்பிட்ட சில பெருவழிகளை ஒட்டியே வளர வேண்டும். ஒவ்வொரு பெருவழியிலும் மூன்று இணைச் சாலைகள் வகுக்கப்பட்டன. நடுச்சாலையின் மையத்தில் பேருந்துகளுக்கு மட்டுமேயான தனித்தடம். அதன் இருமருங்கிலும் உள்ளூர் வாகனங்களுக்கான ஒடுங்கிய வழி. ஒரு தெரு தள்ளி இப்புறமும் அப்புறமும், எதிரெதிர்த் திசையில் விரையும் ஒருவழிச் சாலைகள். பெருவழியை ஒட்டி உயர்ந்த கட்டடங்களுக்கு அனுமதி உண்டு. விலக விலக மாடிகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். பயணிகள் மிகுதியாக எங்கே வசிக்கிறார்களோ அங்கே பேருந்து. பேருந்து எங்கே ஓடுகிறதோ அங்கே வீடுகள். ஒன்றுக்கொன்று துணை!

கட்டடக் கலைஞரான ஜைம் லெர்னர் 1971இல் மேயர் பொறுப்பேற்ற பின் இத்திட்டம் உயிர்பெற்றது. 1974இல் முதல் விரைவுப் பேருந்துகள் தனித்தடத்தில் ஓடின. சுரங்க ரயிலுக்கு ஆகும் செலவை அந்நகரம் தாங்க இயலாது. எனவே, ரயிலின் நற்குணங்களைப் பேருந்துக்கே புகட்டினார்கள்.

கண்ணாடிக் குழாயில் நிலையம்

1991இல் வந்த நிறுத்தங்கள் கண்ணாடிக் குழாய் வடிவிலானவை. பயணி உள்ளே நுழையும்போதே கட்டணம் செலுத்திவிடுகிறார். நிலையத்தின் தளமும் பேருந்தின் தளமும் ஒரே உயரம். படியேறும் தொல்லை இல்லை. நடத்துநரிடம் சில்லறைக்காகக் காத்திருக்கும் நேரமும் இல்லை. கைக்குழந்தையுடன் வரும் தாய்க்கும், முதியவருக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இது எத்துணை ஆறுதல்! 1992இல் மூன்று பெட்டிகளை இணைத்தாற்போன்ற நீண்ட பேருந்துகள் வந்தன. ஒவ்வொன்றிலும் 270 பேர் வரை பயணம் செய்யலாம்.

கட்டண முறையும் கவனிக்கத்தக்கது. குறைந்த தூரம் செல்பவருக்கும் நெடுந்தூரம் செல்பவருக்கும் ஒரே கட்டணம். பெருவழிப் பேருந்திலிருந்து கிளைப் பேருந்துக்கு மாறினால், முனையத்தில் மீண்டும் சீட்டு எடுக்கத் தேவையில்லை. நகரின் விளிம்பில் வாழும் ஏழையின் நீண்ட பயணச் சுமையில் ஒரு பங்கை, மையத்தில் வாழ்பவரின் குறும்பயணம் ஏற்றுக்கொண்டது.

மறுபக்கம்

எனினும், குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தனித்தடத்தை ஒட்டிய நிலத்தின் மதிப்பு ஏறியது. உயர்ந்த மாடிகளில் வசதி படைத்தோர் குடியேறினர்; எளியோர் பலர் விளிம்புக்கும் அண்டை ஊர்களுக்கும் தள்ளப்பட்டனர். பேருந்து யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே அதிலிருந்து தொலைவில் வாழும் நிலை! நெரிசலும் மிகுந்தது, கார் வைத்திருப்போரும் பெருகினர்.

நகரை இரண்டாகப் பிளந்து கிடந்த பழைய தேசிய நெடுஞ்சாலையை நகர்ப்புறப் பெருவழியாக மாற்றும் 'பசுமைத் தடம்' திட்டத்தின் முதற்பகுதி 2009இல் திறக்கப்பட்டது. அங்கும் நடுவே பேருந்துக்குத் தனித்தடம். கூடுதல் மாடி கட்டும் உரிமையை விலைக்கு விற்று, அந்தப் பணத்தை அப்பகுதியின் பணிகளுக்கே செலவிடுவது என்றும் பின்னர் முடிவாயிற்று. பாதையால் நிலத்துக்கு ஏறும் மதிப்பில் ஒரு பங்கு பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும் என்னும் நியாயம் அதில் இருக்கிறது. ஆனால், பணிகள் பத்தாண்டுகளுக்கும் மேலாக நீண்டன. திட்டம் எத்துணை நல்லதாயினும் தாமதம் அதன் பயனைத் தின்றுவிடும்.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்துள்ளன. டில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 2008இல் அமைந்த 5.8 கிலோமீட்டர்த் தனித்தடம், கார் வைத்திருப்போரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்து 2016இல் அகற்றப்பட்டது. 2009இல் தொடங்கிய அகமதாபாத் தடமோ விரிவடைந்தது. சாலையில் ஒரு கோடு கிழித்துவிடுவதால் மட்டும் பேருந்து விரைந்துவிடாது. சந்திப்புகளின் ஒழுங்கு, நிலையத்துக்கு நடந்து செல்ல நல்ல நடைபாதை, போதுமான பேருந்துகள், மக்களின் நம்பிக்கை ஆகிய அனைத்தும் சேர வேண்டும்.

எண்ணிப் பாருங்கள்! ஒரு காரில் ஒருவர் செல்கிறார். ஒரு பேருந்தில் எண்பது பேர் செல்கிறார்கள். சாலையில் யாருக்கு முதலிடம்? நம் ஊரில் புதிய குடியிருப்புத் திட்டம் அறிவிக்கப்படும்போது, "எத்தனை மாடி?" என்று கேட்பதற்கு முன்னால், "பேருந்து எங்கே நிற்கும்? ஏழைக்கு அங்கே வீடு உண்டா?" என்று கேட்கப் பழகுவோம். அஸ்திவாரம் தோண்டும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.